தைப்பூசக் கூட்டத்தில் கேமரா: யார் எடுக்கலாம், யாரைக் கேட்க வேண்டும், படம் யாருக்குச் சொந்தம்

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையிலேயே படங்கள் வந்துவிடும். கன்னத்தில் அலகு குத்திய முகம், முதுகில் கொக்கிகள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. வெளிநாட்டுச் செய்தித் தளங்களிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவரை அவையே சுற்றும். கூடவே கேள்விகளும் சுற்றும். கேட்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார்களே, வழக்குப் போட முடியுமா? படத்தை விற்றால் அதில் நமக்குப் பங்கு உண்டா? இது எடுத்த படமா, ஏஐ செய்த படமா? எப்போது பார்த்தாலும் அலகும் நாக்கும்தானா, கோலாலம்பூர்ப் பத்துமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் வெளியே மலேசியத் தமிழனுக்கு வாழ்க்கையே இல்லையா?

கடைசிக் கேள்விதான் ஆவணப் புகைப்படத்தின் அடிப்படைக் கேள்வி. மற்ற மூன்றுக்கும் பதில் அங்கிருந்துதான் கிளைக்கிறது.

எது ஆவணப் புகைப்படம்

ஒரே கூட்டத்தில், ஒரே இடத்தில் நிற்கும் நான்கு பேர் நான்கு வேலை செய்துகொண்டிருக்கலாம்.

1. செய்திப் படக்காரர்: இன்று என்ன நடந்தது என்பதை இன்றே அனுப்ப வேண்டும். ஒரு படம் போதும்.
2. தெருப் புகைப்படக்காரர்: ஒளி, நிழல், எதிர்பாராமல் பொருந்தி வரும் ஒரு கணம். படத்தில் இருப்பவர் யார் என்பது அவருக்குத் தேவையில்லை.
3. சுற்றுலாப் பயணி: ஞாபகத்துக்கு எடுக்கிறார்.
4. ஆவணப் புகைப்படக்காரர்: ஒரு சமூகம், ஒரு தொழில், ஒரு பிரச்சினை எப்படி இயங்குகிறது என்பதைப் பல படங்களாலும் எழுத்தாலும் சேர்த்துச் சொல்கிறார். மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அதே ஆட்களிடம் திரும்பிப் போகிறார்.

விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பதால் ஒருவர் நான்காவது வகை ஆகிவிடுவதில்லை. படத்தில் இருப்பவர் யார், எங்கே, எப்போது, எதற்காக அங்கே இருந்தார் என்பதைப் படம் எடுத்தவரால் சொல்ல முடிந்தால்தான் அது ஆவணம். சொல்ல முடியாவிட்டால் அது அழகான படமாக இருக்கலாம், அவ்வளவே.

பெயரில்லாமல் போன நூற்றைம்பது ஆண்டு

மலாயாத் தமிழர்கள் கேமராவுக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1860களின் தொடக்கத்தில் பினாங்கில் தங்கிப் படம் எடுத்தார். அச்சுப் போடவும் உதவிக்கும் மதராசிலிருந்து வந்த இரண்டு பேரைப் பழக்கி வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. ஆள் பலம் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. தாம்சன் பெயர் உலகப் புகைப்பட வரலாற்றில் நிற்கிறது. அந்த இரண்டு பேரை 'மதராஸ் ஆட்கள்' என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய லம்பர்ட் புகைப்பட நிறுவனமும் அதைப் போன்ற மற்ற நிலையங்களும் தீபகற்பம் முழுக்க எடுத்து அஞ்சலட்டையாக்கிய படங்களிலும் இதே கதைதான். பால்மரம் வெட்டுபவர், மாட்டுவண்டிக்காரர், மூக்குத்தி போட்ட பெண். அட்டைக்குக் கீழே இனப்பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இந்த அஞ்சலட்டைகள் இன்று ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. தங்கள் கொள்ளுப்பாட்டி அதில் இருந்தாலும் எந்தக் குடும்பத்துக்கும் அது தெரிய வழியில்லை.

பின்னால் வந்தவர்கள் கண்ணோட்டத்தை மாற்றினார்கள். பினாங்கைச் சேர்ந்த இஸ்மாயில் ஹாஷிம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி, சைக்கிள், முடிவெட்டும் கடை போன்ற அன்றாடத்தையே கலையாக்கினார். எரிக் பெரிஸ் நாளேட்டு வேலையோடு தமக்கென்று ஒரு கறுப்பு வெள்ளை மொழியை வளர்த்தார். விக்னேஸ் பாலசிங்கம் தொடங்கிய ஒப்ஸ்குரா புகைப்பட விழா 2013 முதல் ஜார்ஜ்டவுனுக்கு ஆசியாவின் ஆவணப் புகைப்படக்காரர்களைக் கொண்டுவந்தது.

ஆனாலும் தமிழர் வாழ்வின் பெரிய திருப்பங்களில் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஒரு நாள் படங்களே. 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைகளுக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணி என்றால் கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் ஞாபகம் வரும். 2009இல் மாடு வளர்த்த தமிழர்களின் கிராமமான பினாங்கு கம்போங் புவா பாலா உடைக்கப்பட்டபோது மண்வாரி இயந்திரமும் அழுகையும் படமாயின. மாட்டுக் கொட்டகையில் விடியற்காலை பால் கறந்தது, தீபாவளிக்கு முந்தின நாள் சந்துக்குள் நடந்தது, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. வீடு இடிபடும் நாளில்தான் கேமரா வரும் என்ற வழக்கம் இன்றும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவில் 'புகைப்படச் சட்டம்' என்று தனியாக ஒன்று கிடையாது. பல சட்டங்களின் ஓரங்கள் இங்கே வந்து சந்திக்கின்றன. கீழே இருப்பது பொதுவான படம்தான். குறிப்பிட்ட வழக்குக்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

1. பொது இடம். தெருவில் நடப்பவரைப் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. தெருவும் கோவில் வளாகமும் ஒன்றல்ல என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். கோவில், பேரங்காடி, அடுக்குமாடி வளாகம் எல்லாம் ஒரு நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவை. 'இங்கே எடுக்காதே, வெளியே போ' என்று நிர்வாகம் சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல் பிரச்சினை வரும். இராணுவ, காவல்துறை இடங்களுக்கு 1959ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டம் தனியாக இருக்கிறது.

2. தனியுரிமை. ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கில் அவரது அந்தரங்கத்துக்குள் நுழைவது தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆற்றங்கரையில் குளித்துவிட்டு ஈரப்புடவை மாற்றும் பெண்ணை டெலி லென்ஸால் எடுப்பவர் 'பொது இடம்தானே' என்று தப்ப முடியாது. சிகிச்சையின்போது நோயாளிக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட படங்கள் தொடர்பான ஒரு வழக்கில், அந்தரங்க மீறலுக்காக நட்டஈடு கேட்கலாம் என்பதைப் பினாங்கு உயர் நீதிமன்றம் 2010இல் ஏற்றது.

3. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதை வைத்து எந்தப் படத்தையும் நீக்கச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. இதழியல், இலக்கியம், கலை நோக்கங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. குடும்ப, சொந்த உபயோகமும் இதில் சிக்காது.

4. சிறார். இங்கேதான் சட்டம் கடுமை. குற்ற வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ சம்பந்தப்பட்ட 18 வயதுக்குக் கீழானவரை அடையாளம் காட்டும் படம், பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக்கூடாது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையின் பெயர்ப்பட்டையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

5. அவதூறு. படம் பொய் சொல்லாது, பக்கத்தில் இருக்கும் எழுத்து சொல்லும். கள்ளச்சாராயம் பற்றிய கட்டுரைக்கு மேலே பெட்டிக்கடைக்காரர் ஒருவரின் பழைய படத்தைப் போட்டால், கட்டுரையில் அவர் பெயரே இல்லாவிட்டாலும் அவதூறு வழக்குக்கு இடமுண்டு.

6. பதிப்புரிமை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே உரிமை. அவர் வாழ்நாளும் இறப்புக்குப் பின் 50 ஆண்டுகளும். படத்தில் இருப்பவருக்குப் பதிப்புரிமையில் பங்கு இல்லை. ஒரு விதிவிலக்கைப் படக்காரர்களே கவனிப்பதில்லை: யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடும் என்கிறது 26ஆம் பிரிவு. கோவில் நிர்வாகம் கூலி கொடுத்துத் திருவிழாப் படம் எடுக்க வைத்தால், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடாத வரை படங்கள் கோவிலுடையவை. சம்பளத்துக்கு எடுக்கும் ஊழியரின் படமும் அப்படியே.

'விற்றால் பங்கு உண்டா' என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது: சட்டப்படி இல்லை. ஆனால் பட விற்பனை நிறுவனங்கள், படத்தில் இருப்பவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் விளம்பர உபயோகத்துக்கு உரிமம் தருவதில்லை. அத்தகைய படம் செய்தி, கல்வி உபயோகத்துக்கு மட்டும் போகும். உங்கள் தம்பியின் முகம் கைப்பேசி விளம்பரப் பலகையில் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'ஒப்புதல் கடிதம் எங்கே?'

சட்டம் விட்ட இடத்தில் சம்மதம்

சட்டப்படி எடுக்கலாம் என்பதும் எடுப்பது முறை என்பதும் வேறு. 1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங்கே எடுத்த, ஏழு குழந்தைகளின் தாயான ஒரு பெண்ணின் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண்ணின் பெயரை லாங்கே கேட்டுக்கொள்ளவில்லை. 1978இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே தெரிந்தது. படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்பதையும், எடுக்கவே விட்டிருக்கக் கூடாது என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். படத்தோடு சேர்ந்து பரவிய விவரங்கள் சிலவற்றைக் குடும்பமே மறுத்தது. எடுத்தவர் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்தார். நல்ல எண்ணம் அந்தப் பெண்ணுக்குப் போதுமானதாக இருக்கவில்லை.

சம்மதம் மூன்று அடுக்கு: எடுப்பதற்கு, வெளியிடுவதற்கு, எங்கே வெளியிடுவது என்பதற்கு. கேமராவைப் பார்த்துச் சிரித்தவர் முதலாவதற்கு மட்டுமே தலையசைத்திருக்கிறார். 'அண்ணே, பையன் மொட்டை போடுறதை எடுக்கலாமா?' என்று கேட்டு, 'எடுத்துக்கப்பா' என்று அப்பா சொன்னால், அது கண்காட்சிச் சுவருக்கான அனுமதி ஆகாது. 'கண்காட்சியில வைப்பேன், ஃபேஸ்புக்ல போடமாட்டேன்' என்று அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

தைப்பூசத்தில் இது இன்னும் சிக்கல். அருள் வந்த நிலையில் இருப்பவரிடம் சம்மதம் கேட்கவும் முடியாது, அவர் தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது. ஆகவே கேட்க வேண்டிய நேரம் அதற்கு முன்னால்:

1. காவடி எடுப்பவர் தனியாக வருவதில்லை. அண்ணன் தம்பி, நண்பர்கள், உறுமி மேளக் குழு, அலகு குத்தும் பெரியவர் என்று ஒரு கூட்டம் இருக்கும். விரதம் தொடங்கிய பிறகு, திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்கே போய்ப் பேசிவிட வேண்டும். ஒரு மண்டலம் விரதம் இருப்பவரோடு ஒரு மாலை உட்காருவது, அன்றைக்கு எடுக்கும் நூறு படங்களுக்குச் சமம்.
2. பத்துமலையில் சுங்கை பத்து ஆற்றங்கரையில் தயாராகும் இடத்துக்குக் கூட்டத்தோடு போய்ச் சேருங்கள். நடுவில் நுழையாதீர்கள். அலகு குத்துபவரின் கைக்கு வெளிச்சம் மறைக்காத பக்கம் நில்லுங்கள்.
3. ஃபிளாஷ் வேண்டாம். அருள் நிலையில் இருப்பவரின் கண்ணுக்கு நேரே அடிக்கும் ஒளியைக் குழுவினர் சகிக்கமாட்டார்கள், சகிக்கவும் வேண்டியதில்லை.
4. பத்துமலையின் 272 படிகளில் காவடிக்கு முன்னால் பின்புறமாக ஏறிக்கொண்டே எடுக்காதீர்கள். காவடிக்காரருக்கு நீங்கள் தடை. நீங்கள் தடுக்கினால் அவரும் விழுவார். பக்கவாட்டில் நாலு படி முன்னால் போய் நின்று, அவர் கடந்து போகும்வரை எடுத்துவிட்டு மறுபடி முன்னால் போங்கள்.
5. திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்குள் 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் சில பிரதிகள் அச்சுப் போட்டு வீட்டில் கொடுங்கள். 'இதைப் போடாதீங்க தம்பி' என்று அவர்கள் சொல்லும் படம் எது என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொரு வகை ஆபத்து துணைக்கலாச்சாரங்களை எடுக்கும்போது வருகிறது. உறுமி மேளக் குழுக்கள், தண்ணீர்ப் பந்தல் இளைஞர்கள், ஒரே சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் கூட்டம், பச்சை குத்திய கைகள் எல்லாம் பார்ப்பதற்கு வலுவான படங்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் பல இரண்டு இலக்க எண்களால் அறியப்படுபவை. சட்டை முதுகில் இருக்கும் ஓர் எண், படம் எடுத்த வெளியூர்க்காரருக்கு வெறும் வடிவமாகத் தெரியும். காவல்துறைக்கும் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கும் வேறாகத் தெரியும். அது கால்பந்துக் குழுவின் எண்ணா, பிறந்த தேதியா என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் வெளியிட்டால், படத்தில் இருப்பவருக்குக் கும்பல் முத்திரை விழுந்துவிடும். எண்ணைப் படத்திலிருந்து அழிப்பதும் தீர்வல்ல. வேறு கோணத்துப் படத்தைத் தேர்வு செய்யலாம், அல்லது அடிக்குறிப்பில் எண்ணுக்கு விளக்கம் தரலாம்.

அடையாள அட்டை இல்லாதவர்கள், சிவப்பு (நிரந்தரவாசி) அல்லது பச்சை (தற்காலிகவாசி) அட்டையோடு காலம் தள்ளுபவர்கள் பற்றிய படத் தொடர்களில் முகம், வீட்டு எண், பத்திர எண் மூன்றையும் ஒரே படத்தில் வைக்கக் கூடாது. கையில் பிடித்திருக்கும் பிறப்புச் சான்றிதழை நெருக்கமாக எடுப்பது இந்தத் தொடர்களில் ஒரு வாடிக்கையாகிவிட்டது. இன்றைய கேமராவில் எடுத்ததைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு எண்ணும் படிக்கத் தெளிவாக இருக்கும்.

ஒளி, தோல், எல்இடி

கலர் பிலிம் அச்சகங்கள் பல பத்தாண்டுகள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரி அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். டிஜிட்டல் வந்த பிறகும் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கேமரா தானாக நியாயம் செய்வதில்லை.

கேமராவின் ஒளிமானி, முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுத்த முகத்துக்குப் பின்னால் மஞ்சள் உடையும் வெள்ளைப் பந்தலும் நிறைந்திருந்தால், அது மொத்தத்தையும் இருட்டாக்கும். முகம் கரிக்கட்டை ஆகும். பின்னால் கணினியில் ஏற்றினால் புள்ளிகள் பொங்கும். வழி இது:

1. ஒரு சின்னப் புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வையுங்கள். கறுத்த தோலை நடுத்தரத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) கீழே நிறுத்தினால் நிறம் நிறமாகவே இருக்கும். அதே நிறுத்தத்தில் நெற்றித் திருநீறு ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் மேலே போய் நிற்கும். கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ரா கோப்பில் இரண்டும் அடங்கும், ஜேபெக்கில் திருநீற்றின் விவரம் போய்விடும்.
2. கேமரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களாகப் பதிகிறது. காவி, மஞ்சள், செந்தூரம் மூன்றும் சிவப்புச் சானலை மற்றவற்றுக்கு முன்னால் நிரப்பிவிடும். ஒளிப் பரவலைக் காட்டும் மொத்த வரைபடத்தைப் பார்த்தால் சரியாகத் தெரியும், சிவப்பு மட்டும் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும், புடவையின் மடிப்பெல்லாம் ஒரே தகடாகிவிடும். மூன்று சானலையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் திறந்துவைத்து, சிவப்பு முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்.
3. கைப்பேசியில் 'அழகு' வசதியை அணைத்துவிடுங்கள். அது தோலை வெளுக்கிறது. ஆவணத்தில் ஆளின் நிறத்தை மாற்றுவது பெயரை மாற்றுவதைவிடச் சின்ன விஷயமல்ல. இரவு வசதியும் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால், அசையும் கைக்கு இரட்டை விரல்கள் வரும்.

அடுத்தது எல்இடி. இரதத்தின் விளக்குகள், பந்தல் சரங்கள், ஒளிப்பலகைகள் எல்லாம் இன்று எல்இடி. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரம் குறைந்த விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி மறையும், ஒரு துடிப்புக்கு 10 மில்லிநொடி. ஷட்டரை (ஒளி விழும் நேரத்தை) 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் முழுத் துடிப்புகளே பதிவாகும், ஒளி சீராக வரும். 1/500 வைத்தால் வெறும் 2 மில்லிநொடிதான். துடிப்பின் உச்சியில் பட்டால் வெளிச்சம், பள்ளத்தில் பட்டால் இருட்டு. அடுத்தடுத்து எடுத்த பத்துப் படமும் பத்து மாதிரி வருவது இதனால்தான், கேமரா கெட்டுப்போனதால் அல்ல. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். உணரியை மேலிருந்து கீழே படிக்க 50 மில்லிநொடி எடுக்கும் கேமராவில், ஒரே படத்தில் ஐந்து கருப்புப் பட்டைகள் விழும்.

ஆனால் உறுமிக் குச்சியின் வேகத்தை 1/100இல் நிறுத்த முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: குச்சி கலங்கலாக, நிறம் சீராக. அல்லது குச்சி கூர்மையாக, நிறம் தாறுமாறாக. இரவு ஊர்வலத்துக்கு 35 மிமீ லென்ஸ், எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை என்று தொடங்கி, மேளத்துக்கு மட்டும் பந்தல் விளக்கிலிருந்து விலகித் தெருவிளக்குக்குக் கீழே வரும்போது வேகத்தைக் கூட்டுவது ஒரு நடைமுறை. ஜெனரேட்டரில் ஓடும் விளக்குகளுக்கு 50 ஹெர்ட்ஸ் கணக்கு சரியாகப் பொருந்தாது. கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் திரையைப் பார்த்துப் பட்டைகள் மறையும்வரை நகர்த்துங்கள்.

ஏர்கான் காரிலிருந்து நேரே இறங்கினால் லென்ஸில் பனி படியும். துடைக்காதீர்கள், பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே விட்டால் தானே போகும். இங்குள்ள ஈரப்பதத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிப்பது சகஜம். உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் போதும். கற்பூரப் புகைக்கும் பறக்கும் திருநீற்றுக்கும் நடுவே லென்ஸை மாற்றாதீர்கள்.

அடிக்குறிப்பு: படத்தின் பாதி

2015இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற சர்வதேசச் செய்திப்படப் போட்டி ஒரு தொடருக்குக் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றது. பெல்ஜியத்தின் சார்லரோய் நகரம் பற்றிய தொடரில் ஒரு படம் உண்மையில் பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் பரிசு போயிற்று. படம் போலி அல்ல, இடம்தான் தவறு. அதே ஆண்டு கடைசிச் சுற்றுக்கு முந்தைய கட்டத்தை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, அளவுக்கு மீறித் திருத்தியதற்காகத் தள்ளப்பட்டது.

மோசமான அடிக்குறிப்பு: 'பத்துமலையில் நேர்த்திக்கடன் செலுத்தும் பக்தர்.' கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்கிறது. உபயோகமான மாதிரி ஒன்று: 'செந்தூலைச் சேர்ந்த 42 வயது லாரி ஓட்டுநர் (முழுப்பெயர்), மகளின் அறுவைச் சிகிச்சைக்காக வேண்டிக்கொண்டு மூன்றாவது ஆண்டாகக் காவடி எடுக்கிறார். வலப்பக்கம் அவர் தம்பி. சுங்கை பத்து ஆற்றங்கரை, (தேதி), அதிகாலை.' வேண்டுதலின் காரணத்தை எழுத அவர் அனுமதித்தாரா என்பது தனிக் கேள்வி. அனுமதிக்காவிட்டால் அந்த வரி போக வேண்டும்.

பெயரை எழுதும்போது அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலைக் கேளுங்கள். ஒரே பெயரை மூன்று அதிகாரிகள் மூன்று விதமாக ரோமன் எழுத்தில் பதிந்த நாடு இது. ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர், குடும்பப் பெயர் அல்ல. வெளிநாட்டு ஆசிரியர்கள் அதைக் கடைசிப் பெயராக நினைத்துக் கட்டுரை முழுக்க அப்பா பெயராலேயே மகளைக் குறிப்பிடுவதுண்டு.

விவரத்தைப் படக் கோப்புக்குள்ளேயே பதிய ஐபிடிசி என்ற தர அமைப்பு இருக்கிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு அதில் ஒரு பொறி. அதன் பழைய வடிவத்தில் எடுத்தவர் பெயருக்கு 32 பைட், விளக்கத்துக்கு 2000 பைட்தான் இடம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், உயிர்மெய்யின் கொக்கியும் புள்ளியும் தனிக் குறிகள். 'சுப்பிரமணியம்' என்பதற்கு 13 குறிகள், 39 பைட். பழைய மென்பொருள் அதை நடுவில் வெட்டிவிடும். எக்ஸ்எம்பி என்ற புதிய வடிவத்தில் இந்த எல்லை இல்லை. சேமித்த கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து, பெயர் முழுதாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்த விவரம் போய்விடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தங்கும்.

திருத்தம் எங்கே முடிகிறது

வெளிச்சம், நிறச்சமன், ஓரம் வெட்டுதல், கறுப்பு வெள்ளையாக்குதல் ஆகியவை பொதுவாக ஏற்கப்பட்டவை. எதையாவது சேர்ப்பதும் நீக்குவதும் ஏற்கப்படாதவை. படத்தின் மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் கண்ணை உறுத்தினால் அதைக் குனிந்து எடுத்திருக்கலாம், ஒரு அடி நகர்ந்திருக்கலாம். பின்னால் மென்பொருளில் அழித்தால், எடுத்த படம் வேறு, காட்டும் படம் வேறு. படத்தின் ஒரு பகுதியை ஏஐயால் நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் போன்ற கருவிகள் வந்த பிறகு இந்த வேலை இரண்டு நொடியில் முடிவதால், ஆசை அதிகம். சந்தேகம் வந்தால் காட்டுவதற்கு ரா கோப்பு கையில் இருக்க வேண்டும். போட்டிகளும் செய்தி நிறுவனங்களும் கேட்பது அதைத்தான். எல்லாரும் ஒரே விதமாகக் கேட்பதில்லை: ராய்ட்டர்ஸ் 2015இல் தன் சுயேச்சைப் படக்காரர்களிடம், கேமராவிலேயே பதிவான ஜேபெக் மட்டும் வேண்டும், ராவிலிருந்து செய்து அனுப்ப வேண்டாம் என்றது.

தைப்பூசம் இல்லாத நாட்களில்

அலகுக்காவடியைச் சுற்றியே படங்கள் குவிவதற்கு எளிய காரணம் உண்டு: அன்று போனால் படம் கிடைக்கும். பிபிஆர் என்ற அரசு மலிவு அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினாறாவது மாடியில் மின்தூக்கி நின்றுபோன ஒரு செவ்வாய்க்கிழமைக்கு யாரும் போகமாட்டார்கள். தோட்டத்து லயத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அங்கேதான் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் 1997ஆம் ஆண்டு ரத்துச் சட்டத்தால் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, 2000த்திலிருந்து பழைய கடைவீடுகள் காலியாகத் தொடங்கின. பூக்கட்டுபவர், மாவரைப்பவர், பொற்கொல்லர் எங்கே போனார்கள் என்பது இன்றும் எடுக்கப்படாத தொடர்.

இத்தகைய தொடருக்கு ஒரே இடத்தை ஓராண்டு சுற்றி வரும் திட்டம் போதும். இடத்தைக் காட்டும் அகலப் படம், வேலை நடக்கும் படம், கை அல்லது கருவியின் நெருக்கப் படம், ஆளின் நேர்ப்படம், இரண்டு பேருக்கிடையே நடக்கும் ஒன்று. இந்த ஐந்தும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தால் தொகுக்கும்போது ஓட்டை விழாது. கடைசியில் பன்னிரண்டு படங்களுக்கு மேல் வைக்கத் துணிபவர்கள் மிச்சத்தை நீக்கப் பழகவில்லை என்றே பொருள்.

புதிதாக எடுப்பதோடு, இருப்பதைக் காப்பதும் இந்த வேலையில் அடக்கம். தோட்டத்துப் பள்ளிக் குழுப்படம், கங்காணி வீட்டுத் திருமணம், பால்மரக் காட்டில் நின்ற தாத்தா எல்லாம் பசை ஒட்டிய ஆல்பங்களில் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிக்கொண்ட படத்தை விரலால் பிய்க்கக் கூடாது. வாசனையில்லாத பல்துலக்கும் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 4ஆர் அளவுப் படத்துக்கு 600 டிபிஐ வைத்தால் 3600க்கு 2400 புள்ளி கிடைக்கும். தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள், மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். படத்தின் பின்புறம் பந்துமுனைப் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும், அழுத்தம் தழும்பாகும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்: இடமிருந்து வலம் யார் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. அடையாளம் சொல்லத் தெரிந்த பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தெரியாத முகத்துக்குப் பக்கத்தில் ஊகித்த பெயரை எழுதாமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். வேறு வீட்டு ஆல்பத்தில் அதே முகம் பெயரோடு இருக்கலாம்.